மாமனார் படகின் கக்கூஸ் குழாய்

என் மாமனார் மயிலாப்பூரில் பேர்போன வக்கீல். நீச்சல் தெரியாது, அலையைக் கண்டாலே தலை சுற்றும். ஆகவே, சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து மோட்டார் படகொன்றை வாங்கினார். அதில் கக்கூஸ் இருந்தது. கைப்பிடியை ஆட்டினால் ஆற்று நீர் உள்ளே வந்து, எல்லாவற்றையும் ஒரு ரப்பர் குழாய் வழியே அடையாற்றுக்கே அனுப்பிவிடும். நாகரிகம் என்றால் இதுதான் என்று மாமனார் நம்பினார்.

இரண்டாம் வருஷம் அது அடைத்துக்கொண்டது. அனுப்பியதெல்லாம் திரும்பி வந்தது.

"மாப்பிள்ளை, நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவர். கொஞ்சம் பார்க்கப்படாதோ?" என்றார், கலியாணத்தன்று என் காலைக் கழுவிய அதே மரியாதையுடன். பட்டம் வாங்கிய கையோடு நான்கு வருஷமாக அவர் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மறுக்க வழியில்லை.

கடல் கலக்கும் முகத்துவாரத்து உப்பு நீரும் சிறுநீரும் சேர்ந்தால் குழாயில் சுண்ணாம்பு படியும், அமிலம் பட்டால் கரையும் என்று விளக்கினேன். மவுண்ட் ரோட்டிலிருந்து வினிகர் புட்டிகள் வந்தன. ஊற்றிவிட்டு மூன்று நாள் காத்திருந்தேன். படகெங்கும் புளித்த வாடை அடித்தது. அடைப்பு அப்படியே இருந்தது.

படகுக்குக் காவலிருந்த பட்டினப்பாக்கத்து மீனவர் நான்காம் நாள் வாய் திறந்தார்.

"இன்னா சாமி, ஊத்திக்கினே கீறீங்க. உள்ள கல்லாட்டம் இறுகிக் கீது. கயட்டிப் பாறையில அடிச்சா உதுந்துடும்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீங்க படிச்சவரு. கேக்கலியே."

இருவரும் குழாயைக் கழற்றினோம். கைப் பருமனுள்ள குழாயில் சுண்டுவிரல் நுழையும் அளவே துவாரம் மிஞ்சியிருந்தது. கரையோரப் பாறையில், துணி துவைப்பதுபோல் மாறி மாறி அடித்தோம். பழுப்பேறிய சில்லுகள் ஓடு ஓடாய் உதிர்ந்தன. என் வேட்டி, முகம், பட்டம் எதுவும் தப்பவில்லை. முப்பதடி தள்ளி நின்ற மாமனார், அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னும் ஓங்கி" என்று உழைப்பில் பங்கெடுத்தார். வீட்டுக்குப் போய் முதலில் குளித்ததும் அவர்தான்.

குழாயை மாட்டியதும் கைப்பிடி தடையில்லாமல் ஆடியது; தண்ணீர் ஒழுங்காக ஆற்றுக்குப் போனது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்; வெளியே சொல்லத்தான் வெட்கம்.

"எல்லாம் மாப்பிள்ளையோட கெமிஸ்ட்ரி" என்று மாமனார் நண்பர்களிடம் அளந்தார். நான் மறுக்கவில்லை. மனசு உறுத்தவே, பேரெல்லாம் அவருக்கே சேரவேண்டியது என்று மறுநாள் காவல்காரரிடம் ஒப்புக்கொண்டேன்.

"அந்தப் பேரு உங்ககிட்டயே இருக்கட்டும் சாமி" என்று அவர் அவசரமாகச் சொன்னார்.

இனி அடைக்கவே கூடாதென்று மாமனார் கக்கூஸைப் பூட்டிச் சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார். அது அப்புறம் அடைக்கவே இல்லை. படகில் வந்த விருந்தாளிகள், அவசரமென்றால், கரையிறங்கிச் சவுக்குத் தோப்புக்குப் போனார்கள்.