ஓர் அணுத் தாளில் ஓடிய சூடு

பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் எழுதுவது இலகு என்று நினைப்பவர்கள், சூடு என்றால் என்னவென்று ஓர் எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிப் பார்க்கட்டும். அப்படிச் சொல்லப்போய் மாட்டிக்கொண்ட பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நான் பட்ட பாடு புரியும்.

மேசையும் தாளும்

கண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் ரிஸானா என்ற அக்குறணைப் பெண் வேலை செய்கிறார். பென்சிலுக்குள் இருக்கும் காரீயத்திலிருந்து ஒரே ஓர் அணு தடிப்புள்ள தாளை ஒட்டுநாடாவால் உரித்தெடுத்து, அதில் சூடு எவ்வளவு நன்றாகக் கடக்கிறது என்று அளப்பது அவருடைய ஆராய்ச்சி. அதைப் பற்றி எழுதி, மேசையில் விரித்த தாளாகப் படமும் போட்டு, சரிபார்க்கக் கொண்டுபோனேன். படத்தில் இருந்த மேசையைத் தொட்டுக் காட்டினார்.

"சேர், கீழ மேசை ஈந்தா அது தாள அமத்திப் பிடிச்சிக்கிடும். அணு நல்லா ஆடினாத்தான் சூடு ஓடும். மேசைய அழிச்சிடுங்க."

தொங்கும் தாள்

அதனால் அவர் தாளை மிகச் சிறிய ஓட்டையொன்றின் மேல் தொங்கவிடுவார். அநேகமாகக் கிழிந்துவிடும். நான் போன அன்றும் கிழிந்தது. அடுத்ததை உரிக்க ஒட்டுநாடாவை எடுத்தார். வெளிநாட்டு மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க அந்த மாதமே அவருக்கு நல்ல முடிவொன்று வேண்டும். இதுவரை எத்தனை கிழிந்தது என்று கேட்டுவிட்டேன்.

"எண்ணினா அடுத்ததும் கிழியும் சேர். அதால எண்ணுறல்ல."

பெரிய தலைப்பு

ஒரு தாள் நின்றது. அதன் நடுவில் லேசர் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வந்த ஒளியிலிருந்து தாளின் சூட்டைக் கண்டுபிடித்தார். கணக்குப் போட்டால், சூடு மிக நன்றாகக் கடந்ததாக அருமையான முடிவு. எங்கள் பக்கத்தை வடிவமைக்கும் செல்வத்திடம் சொன்னேன். அடுத்த இதழுக்கு அரைப் பக்கத்தை ஒதுக்கிவிட்டார்.

"எழுத்தப் பெருசாவே போடுவோம் சார். நம்ம ஊருப் புள்ள சேதி தினமுமா வருது?"

மஹய்யாவயிலிருந்து ஒரு கேள்வி

இதற்குள், தாளை ஒளியால் சூடாக்கி அளப்பது பற்றி ஏற்கெனவே வெளியான என் முதற் கட்டுரையைப் படித்த கண்டி மஹய்யாவச் சிறுமி ஒருத்தி எழுதியிருந்தாள்: "அவ்வளவு மெல்லிய தாள் என்றால் வெளிச்சம் அதற்குள்ளால் போய்விடாதா? பிறகு எப்படிச் சூடாகும்?" பதில் கேட்டு ரிஸானாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். அநேகமான வெளிச்சம் போய்விடும், கொஞ்சம்தான் தங்கும் என்றார். எவ்வளவு தங்கும் என்றேன். அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தேன் என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

அந்த அளவை அவர் வேறொருவரின் கட்டுரையிலிருந்து எடுத்திருந்தார்; தன் தாளில் அளக்கவில்லை. மறுநாள் அளந்தார். தாளில் தங்கிய வெளிச்சம் அவர் நினைத்ததைவிடக் குறைவு. அப்படியென்றால் தாள் கடத்திய சூடும் அவர் சொன்னதைவிடக் குறைவுதான். விண்ணப்பம் முடிய மூன்று நாள் இருந்தது. வேறு யாரும் கவனித்திருக்கவில்லை. பழைய முடிவை வெட்டி, சிறியதை எழுதி அனுப்பிவிட்டு என்னை அழைத்தார்.

"முதல்ல அந்தப் பிள்ளைக்குப் பதில் எழுதுங்க சேர். கேள்வி அவட, பிழை என்ட."

செல்வம் பெரிய தலைப்புக்கு வைத்திருந்த இடமெல்லாம் அந்தப் பதிலுக்கே போனது. இத்தனை வருடத்தில் என் பக்கம் முழுக்கச் சரியாக வந்தது, சாதனை குறைந்துபோன அந்த வாரம்தான்.