காலை லேட்டாகத் தூக்கியவள்

நாற்பத்தொன்பது வயதில் ஒருத்தி சக்கரம் போடக் கற்றுக்கொண்டாள். சக்கரம் என்றால், கைகளைப் பக்கவாட்டில் தரையில் ஊன்றி, கால்களை மேலே வீசி, ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபக்கம் எழுந்து நிற்கிறோமே, அது. நிற்கிறோம் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். பத்து வயதுக்கு மேல் அதைச் செய்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். "இந்த வயசுல எதுக்கு இது?" என்று அவள் கணவர் கேட்டார். பிள்ளைகள் கேட்கக்கூட இல்லை, விழுந்து விழுந்து சிரித்தார்கள். இடுப்பு வலிக்கு நல்லதாம் என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவைத்தாள். பாதி உண்மை அது. மீதிப் பாதியைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அவளுக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். இருபத்திரண்டு வருடமாகப் படுக்கை விரிப்புகளை மடிக்கிறாள். அங்கே அவளுக்குப் பெயரே மடிப்பக்காதான். சூட்டு உருளைக்குள் போய் வெளியே வருகிற விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாக இரண்டு பேர் பிடிக்க வேண்டும். உதறி, இழுத்து, பாதியாக்கி, ஒருத்தி நடந்துபோய்த் தன் முனைகளை மற்றவள் கையில் கொடுக்க வேண்டும். விரிப்பு தரையில் பட்டால் போச்சு, திரும்பவும் வெளுக்கப் போட வேண்டியதுதான். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவள் கையில் இறுகப் பிடித்த பிறகு "வாங்கிட்டேன்" என்பாள். அதைக் காதில் கேட்ட பிறகுதான் கொடுக்கிறவள் கையை எடுப்பாள். ஒரு நாளைக்கு அறுநூறு தரம் சொல்கிற வார்த்தை. மடிப்பக்காவின் ஜோடி நெட்டை. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, வாய் மட்டும் ஏழடி.

நெட்டைதான் இதற்கெல்லாம் காரணம். நின்றபடியே வேலை செய்கிறவர்களுக்காக ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை காலைகளில் இலவச உடற்பயிற்சி வகுப்பு ஆரம்பித்தார்கள். நெட்டை இரண்டு பேர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். முதல் நாள், பயிற்சி கொடுக்கிற டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மூணு மாசத்துல நீங்க எல்லாரும் சக்கரம் போடப் போறீங்க" என்றாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. மடிப்பக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அவள் அன்றைக்கே வகுப்பை விட்டு நின்றிருக்கலாம். நிற்காமல் போனதற்குக் காரணம் அவளுடைய தங்கை.

முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால், அக்காவுக்குப் பதின்மூன்று, தங்கைக்கு ஒன்பது. தங்கைக்கு அப்போது சக்கரம் என்றால் பைத்தியம். வீட்டுக்குப் பின்னால் இருந்த சிமென்ட் தரையில் நாள் முழுக்க அதே வேலை. அக்கா பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். அன்றைக்குப் பத்தாவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோ, தங்கையின் கால்கள் மேலே போயிருந்த நேரத்தில் வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்தது. அக்காவின் சிநேகிதிக்குப் புது சைக்கிள். அக்கா திரும்பிப் பார்த்தாள். தலை திரும்பியபோது கைகளும் கூடவே போய்விட்டன. ஒரு வினாடிகூட இருக்காது. அடுத்து அவள் கேட்டது, சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

அப்பா ஓடி வந்தார். "என்னடி பண்ணுனே?" என்று அவர் கேட்ட கேள்வி பெரியவளைப் பார்த்துத்தான். பெரியவள் யோசிக்கவே இல்லை. "நான் பிடிச்சுக்கிட்டுதான்ப்பா இருந்தேன். அவதான் காலை லேட்டா தூக்குனா, என் கையை உதைச்சுவிட்டுட்டா" என்றாள். பச்சைப் பொய். ஆனால் கேட்க என்ன அழகாக இருக்கிறது பாருங்கள், அதில் ஒரு காரணம் இருக்கிறது, ஒரு காயமும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு தரம், சொந்தக்காரர்களிடம் நாலு தரம், அடுத்த வீட்டாரிடம் பத்து தரம் அது சொல்லப்பட்டது. வலியில் இருந்த சின்னவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். மூன்றாம் நாள், மாவுக்கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உன் கையில பட்டுச்சாக்கா? ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டாள்.

"இல்லடி, பரவாயில்ல" என்றாள் அக்கா. மன்னித்துவிட்டாளாம்.

தங்கையின் இடது முழங்கை சரியாகக் கூடவில்லை. இன்றைக்கும் அது முழுதாக நீளாது. கைகூடப் போகட்டும், அவளுக்கு ஒரு பெயர் வந்து ஒட்டிக்கொண்டதே, அதைத்தான் சகிக்க முடியவில்லை. அப்பா அன்றைக்கு ஆற்றாமையில் சொன்னார்: "சொதப்பி! எதையும் உருப்படியா செய்யத் தெரியாத சொதப்பி!" அதே பெயர் நிலைத்துவிட்டது. செல்லமாகத்தான் கூப்பிட்டார்கள். கல்யாணமாகிப் போன பிறகு புருஷனும் கூப்பிட்டார், பிள்ளைகளும் கூப்பிட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருடமாக இருக்கிறாள், மூக்குக்கண்ணாடிச் சட்டத்தை அவளைப் போலத் திருத்தித் தர ஆளில்லை. புதுக் கிளைக்குப் பொறுப்பாகப் போகச் சொன்னபோது, "ஐயோ, நான் சொதப்பிடுவேன்" என்று கைகூப்பிவிட்டாள். சைக்கிள், ஸ்கூட்டர் எதுவும் தொட்டதில்லை. கூட யாராவது வந்தால்தான் ரோட்டைக் கடப்பாள். அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒரே ஆள் அக்கா. அதை எல்லாரும் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை வருடமாக மடிப்பக்கா தனக்குள் ஒரு வழக்கை நடத்திக்கொண்டிருந்தாள். நான் கையை எடுக்காமல் இருந்திருந்தாலும் அவள் விழுந்திருப்பாளோ என்னவோ. ஒருவேளை நிஜமாகவே காலை லேட்டாகத் தூக்கியிருப்பாளோ என்னவோ. சக்கரம் போடக் கற்றுக்கொண்டால் அது தெரிந்துவிடும் என்றுதான் அவள் வகுப்பை விடாமல் தொடர்ந்தாள். விடுதலை கேட்டுப் போனாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் மாதம் வெறும் குரங்கு வேலை. தரையில் கயிற்றைப் போட்டு, கைகளை ஊன்றி, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தவளை மாதிரி தாவ வேண்டும். மணிக்கட்டு வீங்கியது. இரண்டாம் மாதம் மெத்தை மேல் சாக்பீஸால் ஒரே கோட்டில் நாலு அடையாளம் போட்டார்கள். முதல் கை, இரண்டாம் கை, முதல் கால், இரண்டாம் கால். மடிப்பக்காவுக்கு இரண்டாம் கைவரை எல்லாம் சரியாக வரும். அதற்கப்புறம் கால்கள் அவளைக் கலந்துகொள்ளாமல் எங்கேயோ போய் இறங்கும். பின்பக்கம் பொத்தென்று விழும். "அக்கா மடிஞ்சுட்டாங்க" என்பாள் நெட்டை.

ஒரு சனிக்கிழமை டீச்சரிடம் தனியாகப் போய்க் கேட்டாள்.

"டீச்சர், காலை லேட்டா தூக்கினா, பிடிக்கிறவங்க கையில உதை பட்டு, விழுந்துடுவோமா?"

"லேட்டா தூக்கினா கால் மேலயே போகாதும்மா" என்றாள் டீச்சர். "நீங்க தினம் பண்றீங்களே, அதான் நடக்கும். பாதியிலேயே கீழ வந்து உக்காந்துடுவோம். அடி ஒண்ணும் படாது. கால் ரெண்டும் நல்லா மேல போன பிறகு விழுந்தாதான் ஆபத்து. அதுக்குத்தான் ஆள் பிடிக்கிறது. ரெண்டாவது கால் தரையைத் தொடற வரைக்கும் கையை எடுக்கவே கூடாது."

வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. ஆனாலும் மடிப்பக்கா மேல்முறையீடு செய்துகொண்டே இருந்தாள், மனசுக்குள்.

பதினோராவது வாரம் அது நடந்தது. நெட்டை பின்னால் நின்று பிடிக்கிறாள். மடிப்பக்கா மூச்சை இழுத்துக்கொண்டு, கைகளை வைத்து, காலை வீசினாள். முதன்முறையாகக் கால்கள் இரண்டும் நேராக மேலே போயின. உடம்பின் எடை முழுக்க உள்ளங்கைகளில் வந்து இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில், இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், தலைகீழாக நின்றபடியே அவள் வாயிலிருந்து வந்தது: "வாங்கிட்டேன்!"

நெட்டையின் காதில் அந்த வார்த்தை விழுந்தது. இத்தனை வருடமாக அதைக் கேட்டவுடன் என்ன செய்வாளோ அதைத்தான் அவள் கைகள் செய்தன. விட்டுவிட்டாள்.

மடிப்பக்கா மெத்தையில் தொபுக்கடீர் என்று போய் விழுந்தாள். கண்ணில் பூச்சி பறந்தது. மெத்தை இல்லாமல் சிமென்ட் தரையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் எழுவதற்குள் நெட்டை கத்த ஆரம்பித்துவிட்டாள். "என் தப்பு! டீச்சர், நான்தான் விட்டுட்டேன்! அக்கா நல்லாத்தான் போட்டாங்க, நான்தான் கையை எடுத்துட்டேன்! அக்கா, எங்க அடி? ஐயோ, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்!"

விஷயம் தெரிந்ததும் கூடமே சிரித்தது. மடிப்பக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதாள். அடி பட்டுவிட்டது என்று நினைத்து ஐஸ்கட்டி கொண்டுவந்தார்கள். அவள் அழுதது அதற்கில்லை. நான்தான் விட்டுட்டேன் என்பதைச் சொல்ல நெட்டைக்கு இரண்டு வினாடிதான் ஆனது. இவள் "வாங்கிட்டேன்" என்று சொன்ன பிறகுதானே அவள் விட்டாள், அவள்மேல் என்ன தப்பு? அப்படியும் சொன்னாள். அன்றைக்கு அந்தச் சிமென்ட் தரையில் தங்கை விடச் சொல்லி எதையும் சொல்லவில்லை. அக்கா பிடித்திருக்கிறாள் என்று நம்பிக் காலைத் தூக்கினாள், அவ்வளவுதான்.

கடைசி வாரம் எல்லாரும் செய்து காட்ட வேண்டும், ஆளுக்கு ஒருவரைக் கூட்டி வரலாம் என்றார்கள். மடிப்பக்கா தங்கையைக் கூப்பிட்டாள். அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு. பஸ்ஸில் சொல்ல நினைத்தாள், சொல்லவில்லை. வாசலில் நினைத்தாள், அப்போதும் இல்லை.

அவள் முறை வந்தது. கை, கை, கால், கால். அழகாக இருந்தது என்று சொன்னால் பொய். முட்டி மடங்கியிருந்தது, கடைசியில் இரண்டடி தள்ளாடினாள். ஆனால் நின்றாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த தங்கை எழுந்து நின்று கைதட்டினாள். இடது கை நீளாது என்பதால் வலது கையைக் கொண்டுபோய் அதில் தட்டுவாள், எப்போதும் அப்படித்தான்.

"வந்தவங்களும் ஒரு தரம் முயற்சி பண்ணலாம், நாங்க பிடிச்சுக்கிறோம்" என்றாள் டீச்சர்.

"ஐயோ, என்னை விட்டுடுங்க!" என்று தங்கை சிரித்தாள். "நான் காலை லேட்டா தூக்குற ஆளு. சின்ன வயசுலயே எங்கக்கா கையை உதைச்சவ. வேணும்னா கேட்டுப் பாருங்க."

எல்லாரும் மடிப்பக்காவைப் பார்த்தார்கள். அவள் நேராகத் தங்கையிடம் போனாள். தங்கையின் கையைப் பிடித்து, செருப்பு கழற்றிப் போடுகிற பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உட்காரக்கூட இல்லை.

"நீ உதைக்கலடி. லேட்டாவும் தூக்கல. நான்தான் விட்டுட்டேன். வெளிய சைக்கிள் மணி கேட்டுச்சு, திரும்பிட்டேன். அப்பாவுக்குப் பயந்து உன்மேல சொல்லிட்டேன்."

தங்கை அக்காவையே பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள் மடிப்பக்கா. அழுவாள், இல்லை அறைந்தேவிடுவாள் என்றுகூட நினைத்தாள். எதற்கும் தயாராகத்தான் நின்றாள். தங்கை கேட்டதற்கு மட்டும் அவள் தயாராக இல்லை.

"அப்ப, நான் அன்னைக்கு சரியாத்தான் போட்டேனா?"

நாற்பத்தைந்து வயதுக்காரியின் குரல் இல்லை அது.

"சரியாத்தான்டி போட்டே" என்றாள் அக்கா. "காலு ரெண்டும் நேரா மேல நின்னுச்சு. எனக்கு இன்னைக்குக்கூட அப்படி வரல."

தங்கை தலையை ஆட்டினாள். குனிந்து செருப்பை மாட்டினாள். வார் சிக்கிக்கொண்டது. ஒத்தாசைக்கு அக்கா குனிந்தபோது காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டாள். "நானே போட்டுக்கிறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நேரம் எடுத்து, இரண்டு வாரையும் சரியாக மாட்டி, பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இரு, நானும் வரேன், ரோடு வரைக்கும்."

"வேண்டாம்க்கா."

மடிப்பக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரி வாசலில் சனிக்கிழமைக் கூட்டம், இரண்டு பக்கமும் வண்டிகள். தங்கை ஓரத்தில் நின்றாள். வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள். பிறகு யாருக்காகவும் காத்திருக்காமல், யார் கையையும் பிடிக்காமல், ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போனாள்.