எச்சில் கேட்கிற சிஸ்டர்

ரத்தம் கேட்டால் பேசாமல் கையை நீட்டுகிற ஜனம், எச்சில் கேட்டால் மட்டும் நர்ஸை மேலும் கீழும் பார்க்கும்.

ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவரா நீங்கள்? நானும்தான். அடுத்தவருக்குத் தயங்காமல் குத்துவேன். எனக்குக் குத்த வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். அதனால்தான், விருதுநகர் பக்கம் நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் இந்த எச்சில் ஆய்வு தொடங்கியபோது நானாகப் போய்ப் பெயர் கொடுத்தேன். விஷயம் இதுதான். கிருமியோ தீக்காயமோ உடம்பைப் பலமாகத் தாக்கினால் உள்ளே அழற்சி கிளம்பும். அதைக் காட்டிக்கொடுக்கிற சில புரதங்கள் ரத்தத்தில் கூடும். அவை எச்சிலிலும் கொஞ்சம் இறங்கிவரும். ரத்தம் சொல்வதையே எச்சிலும் சொல்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ரத்தம் எடுக்கிற அதே காலையில் எச்சிலும் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்கு அனுப்புவது என் வேலை.

சுவரில் எழுதியிருந்தது

எனக்கு முதலில் வாய்த்தவர் ஆலங்குளத்துக்காரர். சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிமோனியா முற்றி ஐ.சி.யு.வில் கிடந்து, அப்போதுதான் வார்டுக்கு வந்திருந்தார். வாய் கொப்பளிக்க வைத்து, கொஞ்ச நேரம் விட்டு, சின்ன டியூப்பை நீட்டினேன். "ஐயா, இதுல கொஞ்சம் எச்சில் விடுங்க" என்றேன்.

அவர் டியூப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தார். பேசினால் மூச்சு வாங்கும் என்பதால் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "எச்சித் துப்பாதீகன்னு அங்கன எழுதிப் போட்டுருக்கீக. இங்கன வந்து துப்புங்கிறீக. ஏதாவது ஒண்ணுல நில்லுங்க தாயி."

ஊறாத வாய்

காய்ச்சலும் ஆக்சிஜன் மாஸ்க்கும் சேர்ந்தால் வாய் காய்ந்த ஊருணி மாதிரி ஆகிவிடும். விருதுநகரில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்கிற ஒரு பாய்க்கு அப்படித்தான் ஆனது. சிறுநீரில் தொடங்கிய கிருமி ரத்தத்துக்கு ஏறி, பிழைத்ததே பெரிய காரியம் என்ற நிலையில் இருந்தார். டியூப்பைப் பிடித்தபடி நிற்கிறேன், ஒரு சொட்டு வரவில்லை. எதையும் சாப்பிடக் கொடுக்கவும் கூடாது, மாதிரி கெட்டுவிடும். பக்கத்திலிருந்த அவர் மனைவியிடம், "அவுகளுக்குப் பிடிச்சது எதையாவது பேசுங்கம்மா" என்றேன்.

அந்த அம்மா யோசிக்கவே இல்லை. கிளிமூக்கு மாங்காயை எப்படி மெல்லிசாகச் சீவுவது, கல்லுப்பை எப்போது தூவுவது, தங்கள் கடை வத்தலை வறுத்துப் பொடித்து மேலே போட்டு நல்லெண்ணெயைச் சூடாக ஊற்றினால் என்ன சத்தம் வரும் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். வார்டே பேச்சை நிறுத்திவிட்டது. பாய் கண்ணை மூடிக் கேட்டார். டியூப்பில் மெதுவாக நூல் மாதிரி இறங்கியது. ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றோடு படுத்திருந்த பக்கத்துக் கட்டில்காரர்தான் முதலில் வாய் திறந்தார்: "பாய்க்கு ஊறுச்சோ இல்லையோ, எனக்கு ஊறிப் போச்சு சிஸ்டர். என்னுதையும் ஒரு டியூப்ல பிடிச்சுட்டுப் போங்க."

சட்டைப் பையில் வந்தது

ஆனைக்குட்டத்திலிருந்து சிவகாசி அச்சகத்துக்கு வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி. குடல்வால் வெடித்து, வயிறு முழுக்கச் சீழோடு வந்தாள். தேறி வீட்டுக்குப் போகும்போது, பிறகு ஒருநாள் வந்து எச்சில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தோம். சொன்ன நாளில் அவள் வரவில்லை. வீட்டுக்காரர் மட்டும் வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் சம்படத்தை எடுத்து என் மேஜைமேல் பணிவாக வைத்தார். திறந்தால் எச்சில். அந்த வெயிலில் பைக்கில் வந்திருக்கிறது.

இது உதவாது, ஆள்தான் வரவேண்டும் என்று விளக்கினேன். பிறகுதான் எனக்குப் பகீரென்றது. "அவுக ஏன் வரலை? மறுபடியும் முடியலையா?" என்று கேட்டேன். அவர் சாவகாசமாகச் சம்படத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். "காலண்டர் சீசன்ல்லா சிஸ்டர், ஆர்டர் குவிஞ்சு கெடக்கு. அவளுக்கு உடம்பு நல்லாருக்கு, அதான் வர நேரமில்ல."

இரண்டு கோடுகள்

செல்விக்கு ஊர் எம். புதுப்பட்டி. பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற வேலை. அறையில் தீப்பிடித்தபோது வெளியே ஓடிவந்துவிட்டாள். ஆனாலும் இரண்டு கைகளும் தோள்வரை வெந்துபோயின. கட்டு மாற்றும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமே போடமாட்டாள். ஆனால் ரத்தம் எடுக்க வந்தால் அழுதுவிடுவாள். கையில் இடமில்லாததால் காலில்தான் குத்தவேண்டும். நரம்பு நழுவும், மறுபடி குத்தவேண்டும். எச்சிலுக்கு அந்தப் பாடு இல்லை. டியூப்பை நான் அவள் உதட்டோரம் பிடித்துக்கொள்வேன், அவள் தலையைச் சாய்த்துக் கொடுப்பாள்.

ஒரு காலை காய்ச்சல் கொதித்தது. புண்ணில் இருந்த கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதோ என்று, இந்த ஆய்வை நடத்துகிற எங்கள் டாக்டரம்மா பயந்தார். ரத்தத்தில் அந்தப் புரதங்களின் அளவு எகிறியிருந்தது. எச்சிலிலும்தான். ரத்தத்தை நம்பித்தான் மருந்தை மாற்றினார்; எச்சிலை வைத்து வைத்தியம் செய்ய இன்னும் அனுமதி இல்லை. செல்வியின் புருஷன் வராந்தாவில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நான் போகிற வருகிற போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பார், கேட்கமாட்டார். பிறகு காய்ச்சல் இறங்கியது. ஒரு நாள் செல்வி இட்லி கேட்டாள்.

வீட்டுக்குப் போகிற அன்று டாக்டரம்மா அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். ரத்தத்துக்கு ஒரு கோடு, எச்சிலுக்கு ஒரு கோடு. இரண்டும் அக்காள் தங்கச்சி மாதிரி ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியிருந்தன. செல்வி நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப இனிமே கால்ல குத்த மாட்டீகள்ல?" என்று கேட்டாள். எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. ஒருத்தருக்குப் பொருந்தினால் போதாது, இன்னும் எத்தனையோ பேருக்குப் பொருந்தவேண்டும், அடுத்த முறை வரும்போதும் காலில்தான் எடுப்போம் என்றேன். பிறகு கடைசி டியூப் எடுக்க அவளாகவே தலையைச் சாய்த்தாள்: "எனக்கு ஆகலைன்னாப் போகுதுக்கா. அடுத்து வாறவளுக்கு ஆகட்டும், பிடிங்க."

நான் கேட்பதென்னவோ எச்சில் மட்டும்தான். அதோடு இப்படி நாலு வார்த்தையையும் சேர்த்துத் தந்துவிடுகிறார்கள், அதை எந்த ஐஸ் பெட்டியில் வைப்பது என்றுதான் தெரியவில்லை.