கனவில் முட்டி வலிப்பதில்லை

ஓய்வு பெற்றவர்களுக்கு அரசாங்கம் தரும் சலுகைகளில் எந்த ஆணையிலும் எழுதப்படாத ஒன்று மத்தியானத் தூக்கம். சாப்பாடு முடிந்து மயிலாப்பூரில் மின்சாரம் போகும் நேரம் பார்த்து, விசிறியோடு கூடத்துத் தரையில் படுத்துவிடுவேன். நான் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்தவள். அடுத்தவர் செய்த காரியத்தில் விதிமீறல் இருக்கிறதா என்று பார்த்து ஆட்சேபம் எழுப்புவது என் பிழைப்பு. வேலை என்னை விட்ட பிறகும் அலுவலகக் கனவு விடவில்லை. கண்ணை மூடினால் அதிகாரியின் அறை, கையில் ஒரு கோப்பு, "இன்னுமா முடிக்கலே?" என்ற அதே குரல்.

ஒரு மத்தியானம் அந்தக் கனவுக் கோப்பை இரண்டாம் முறை படித்தேன். பழக்க தோஷம், எதையும் ஒரே தடவை படித்துவிட்டு நான் கையெழுத்துப் போட்டதில்லை. முதல் தடவை பயணப்படி விதி இருந்த இடத்தில் இப்போது மோர்க்குழம்புக்கு அரைக்க வேண்டிய சாமான்கள் இருந்தன. அரசாங்கத்தில் விதிகள் மாறும்தான், ஆனால் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறாது. ஆக, இது கனவு என்று கனவுக்குள்ளேயே தெரிந்துபோயிற்று. நான் விழித்துக்கொள்ளவில்லை. அதிகாரி வழக்கம்போலத் தண்ணீர் கேட்டார். "பானை அங்கே இருக்கு சார், மொண்டுக்குங்கோ" என்றேன். எழுந்து போய் மொண்டு குடித்தார். இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் சர்வீசில் இருக்கும்போதே சொல்லியிருப்பேன்.

வாடகை நூலகத்தில் எடுத்த ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகை, கனவு என்று தெரிந்தே கனவு காண்பவர்கள் பல தேசங்களில் உண்டு என்றது. பழகினால் வசப்படுமாம். பகலில் அவ்வப்போது 'இது கனவா?' என்று சோதித்துப் பார்க்க வேண்டுமாம். சோதனை செய்ய எனக்கா சொல்லித்தர வேண்டும்? பஸ்ஸின் பலகையை இரண்டு தடவை படித்தேன். ரேஷன் கடைப் பலகையை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் 'சர்க்கரை இருப்பு உண்டு' என்று இருந்தது. உள்ளே சர்க்கரை இல்லை. அது கனவில்லை, நிர்வாகம்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். கனவில் வரும் மனிதர்களிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கும். குறுக்குக் கேள்வி கேட்டால் அதையே திரும்பச் சொல்வார்கள். மூன்றாவது தடவை கேட்டால் உருக்குலைந்து போவார்கள். விழித்திருக்கும் மனிதர்களும் ஏறக்குறைய அப்படித்தான் என்பது ஓர் ஆட்டோவில் தெரிந்தது.

"மீட்டர் ரிப்பேர்மா."

"எப்போலேர்ந்து?"

"ரிப்பேர்மா."

"எந்தக் கடையில காட்டினே?"

"இன்னாமா நீ, ரிப்பேர்னு சொல்லிக்கினே கீறேன்..."

"சொல்லிண்டே இரு. நான் உக்காந்துண்டே இருக்கேன். எனக்கு ஆபீஸ் கிடையாது."

தேனாம்பேட்டை சிக்னல் வருவதற்குள் மீட்டர் குணமாகிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் என் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அவளுக்கு அப்பா இல்லை. எங்கள் கல்யாணங்களில் தாலி கட்டும்போது பெண், நெல் மூட்டை மேல் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் மடியில் இருப்பாள். அப்பா இல்லையென்றால் சித்தப்பாவின் மடியில். புருஷன் போனவள் மேடைப் பக்கமே வரக்கூடாது. என் மச்சினர் அடையாறிலிருந்து வந்து ஏற்பாட்டை விளக்கினார்.

"மன்னி, நீங்க கவலையே படாதீங்கோ. நானும் என் ஆத்துக்காரியும் தாரை வார்த்துக் குடுத்துடறோம். குழந்தை என் மடியில உக்காந்துப்பா. நீங்க உள் ரூம்ல சௌகரியமா இருக்கலாம். ஃபேன் இருக்கு."

"ரெகுலேட்டர் வேலை செய்யறதா?"

"பாத்துச் சொல்றேன் மன்னி" என்றார், நிஜமாகவே.

அவர் போன பிறகு பெண் கேட்டாள்: "தாலி கட்டறச்சே நீ எங்கேம்மா இருப்பே?"

"உள் ரூம்ல. ஃபேன் இருக்காம்."

அவள் சிரிக்கவில்லை. "உன் மடியிலன்னா உக்காரப்போறேன்னு நெனச்சிண்டிருந்தேன். என்னை வளர்த்தது சித்தப்பாவா?"

நியாயம் எனக்குத் தெரியாததா? பெரிய பெரிய அதிகாரிகளின் கணக்கிலேயே குற்றம் கண்டவள் நான். ஆனால் என் புருஷன் போனதிலிருந்து எந்த விசேஷத்திலும், ஆரத்தித் தட்டு வருவதற்கு முன்பே என் கால்கள் தாமாகப் பின்னால் நகர்ந்துவிடும். யாரும் சொல்ல வேண்டியிருக்காது. எனக்கு எதிராக நானே பிறப்பித்துக்கொண்ட ஆணை அது. அதற்கு மேல்முறையீடு எங்கே செய்வது?

அன்றிலிருந்து கனவில் அலுவலகம் போய்க் கல்யாண மண்டபம் வந்தது. கல்யாணத்துக்குப் பிடித்திருந்த தி.நகர் மண்டபம், சமையலறையை ஒட்டிய உள் அறை, சாம்பார் வாசனை. வெளியே கெட்டிமேளம். கதவு திறக்கவில்லை. மூன்று மத்தியானம் வேர்த்து விழித்தேன். நாலாவது தடவை ஜன்னல் வழியாக, வாசலில் ஜிகினா ஒட்டிய தெர்மோகோல் பலகை கண்ணில் பட்டது. பெண்ணின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும். இரண்டாம் தடவை படித்தேன். 'இவ்விடம் விறகு கிடைக்கும்' என்றிருந்தது.

சரிதான், என் கனவு, என் கதவு என்று தள்ளினேன். திறந்தது. மேடைப் படியில் மச்சினர் வழிமறித்தார். "மன்னி, நாலு பேர் என்ன சொல்லுவா?"

"எந்த நாலு பேர்?"

"நாலு பேர் என்ன சொல்லுவா?"

மூன்றாவது தடவை கேட்டதும் வாசலில் கட்டுகிற வாழை மரமாக மாறிவிட்டார், தாரோடு. அவரைச் சுற்றிக்கொண்டு படியேறி நெல் மூட்டை மேல் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு முடிந்த மத்தியானமெல்லாம் ஒத்திகை. எல்லா நாளும் கனவு ஒத்துழைக்கவில்லை. ஒரு நாள் மண்டபம் பென்ஷன் வரிசையாகிவிட்டது. இன்னொரு நாள் மேடை வரை போனேன், மணப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் பிரிவின் டைப்ரைட்டர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் நடந்தேன், ஏறினேன், உட்கார்ந்தேன். விழித்திருக்கும்போது மாடிப்படியைக் கண்டாலே முனகும் என் வலது முட்டி, கனவில் ஒரு தடவைகூட வலிக்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு சீமந்தத்துக்குப் போனேன். ஆரத்தித் தட்டு வந்தது. கால்கள் நகரவில்லை. பக்கத்திலிருந்த மாமி என்னைப் பார்த்துவிட்டுத் தானே நகர்ந்துகொண்டாள். நல்லது, எனக்குக் காற்று வந்தது.

பிறகு வேலையை முறைப்படி ஆரம்பித்தேன். அனுமதி கேட்பது வேறு, தகவல் தெரிவிப்பது வேறு. அனுமதி கேட்டால் மறுக்க ஒரு காரணம் தேடிக் கொடுத்த மாதிரி. முதலில் வாத்தியார். என் பெண்ணுக்கு ஆயுஷ்ஹோமம் பண்ணி வைத்தவர்.

"மந்திரமெல்லாம் மச்சினரும் அவர் ஆத்துக்காரியும் தம்பதியா சொல்லட்டும். குழந்தை என் மடியில உக்காருவா."

"வழக்கமில்லியே மாமி."

"வழக்கமில்லேங்கறேளா, தடை இருக்குங்கறேளா?"

அவர் வெற்றிலையை மென்றபடி என்னைப் பார்த்தார். "வழக்கமில்லே."

"அப்போ தடை இல்லே."

"மாமி ஆபீஸ்ல என்ன செக்‌ஷன்?"

"ஆடிட்."

"அதான்" என்றார். அதை நான் சம்மதம் என்று பதிவு செய்துகொண்டேன்.

சம்பந்திக்கும் தெரிவித்தேன். அவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமி, "சமயத்துல பாத்துக்கலாம்" என்றார். மச்சினரும் போனில் அதையே சொன்னார். தமிழில் அதற்கு 'முடியாது' என்று பொருள்.

கல்யாணத்தன்று வாசலில் நின்று பலகையைப் படித்தேன். திரும்பிப் படித்தேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியிருந்தால் எவ்வளவு சௌகரியம்! இங்கே சம்பந்தி எழுந்து வெளியே போனால் விழித்துக்கொண்டு விசிறியைத் தேட முடியாது. பெண்ணின் கல்யாணம் நின்றால் நின்றதுதான். ஆனாலும் கால்கள் உள்ளே நடந்தன. அவற்றுக்கு வழி பழகியிருந்தது.

மேடைப் படியில் மச்சினர் பஞ்சகச்சத்தோடு நின்றார். "மன்னி, வேண்டாம். நாலு பேர் என்ன சொல்லுவா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எந்த நாலு பேர்? காட்டுங்கோ, போய்க் கேட்டுண்டு வரேன்."

"அதுக்கில்லே... நாலு பேர் என்ன சொல்லுவா?"

"பேர் சொல்லுங்கோ."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. வாழை மரமாக மாறவில்லை, ஆனால் அப்படித்தான் நின்றார். நான் சுற்றிக்கொண்டு ஏறினேன். முன்வரிசையில் யாரோ "கலி காலம்" என்றார்கள். சம்பந்தி எழுந்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். அந்த இடத்திலிருந்து அவருக்கு மேடை சரியாகத் தெரியவில்லையாம்.

வாத்தியார் என்னைப் பார்க்காமலே, "முகூர்த்தம் நெருங்கறது, பொண்ணை உக்கார வையுங்கோ" என்றார்.

நெல் மூட்டை மேல் உட்கார்ந்தேன். கூரைப்புடவையும் மாலையும் நகையுமாகப் பெண் தன் முழுக் கனத்தோடு மடியில் அமர்ந்தாள். வலது முட்டியில் சுரீர் என்றது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"வலிக்கறதாம்மா? எழுந்துக்கட்டுமா?" என்று கிசுகிசுத்தாள்.

"வலிக்கட்டும். நீ ஆடாம உக்காரு."