மூன்று நிமிட ஃபர்னஸ்

எங்கள் வீட்டு ஃபர்னஸுக்கு என்ன வருத்தம் என்று கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. இதை இப்போதாவது எழுதிவைக்க வேண்டும். ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் அந்தப் பெருமை இன்றுவரை தூசி வடிக்கும் ஒரு பில்டருக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

மொன்றியலில், சென்ட் லோரன்டில் ஒரு கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எரிவாயு ஃபர்னஸ் நிலவறையில் நின்றது. அது சூடாக்கும் காற்று தகரக் குழாய்களால் மேலே வந்து, ஒவ்வோர் அறையின் தரையிலும் இருந்த இரும்புச் சல்லடை வழியாக வெளியேறும். அதை வென்ட் என்போம். அந்த மாசியில் ஃபர்னஸ் ஒரு புதுப்பழக்கம் பழகியது. டக்கென்று பற்றும், மூன்று நிமிடம் எரியும், அணைந்துவிடும். ஐந்து நிமிடம் சும்மா கிடந்துவிட்டு மறுபடியும் பற்றும். இவ்வளவு பாடுபட்டும் வீடு சூடாகவில்லை.

சித்திக்கு அந்தக் கிழமைதான் பிள்ளை பிறந்திருந்தது. சித்தி அம்மாவின் ஒரே தங்கை. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, தீட்டுக் கழியும்வரை முப்பத்தொரு நாளும் அம்மாவின் பராமரிப்பில் இருப்பதாக ஏற்பாடு. வியாழன் காலை சித்தப்பா வந்தார். ஜாக்கெட்டைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் இருந்தார்.

"இந்தக் குளிருக்குள்ள பச்சைப்பிள்ளையைக் கொண்டுவர ஏலாது அக்கா. நாளைக்கும் இப்பிடியெண்டால் நான் எங்கட வீட்டயே கூட்டிக்கொண்டு போறன்."

அவர் வேலைக்குப் போய்விட்டால் சித்தியைப் பார்க்க அங்கே ஒரு சீவன் கிடையாது. அம்மா குசினிக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

திருத்துகிறவர் சனிக்கிழமைதான் வரமுடியும் என்றுவிட்டார். குளிர் கூடினால் ஊரிலுள்ள ஃபர்னஸ் எல்லாம் ஒரே நாளில் படுத்துவிடும் போலிருக்கிறது. அப்பா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கைத்தொலைபேசியில் வீடியோ ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டு, தானே இறங்கினார். தெர்மோஸ்டாட்டின் பற்றரியை மாற்றினார். வெளியே போய், புகைக்குழாயின் வாயை மூடிக் கிடந்த பனியை வழித்தார். பழைய பில்டரை இழுத்தெடுத்துவிட்டுப் புதிது போட்டார். ஒவ்வொன்றுக்கும் பிறகு, "பிள்ளை, நேரத்தைப் பார்" என்பார். நான் மணிக்கூட்டைப் பார்ப்பேன். மூன்று நிமிடம். புதுப் பில்டருக்கும் அதே மூன்று நிமிடம்தான்.

"உள்ளுக்க ஒரு சுவிட்ச் இருக்காம். சூடு கூடினா அது தானா நிப்பாட்டிப்போடுமாம்" என்றார் அப்பா.

"சூடு கூடினா ஏன் அப்பா வீடு குளிருது?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அப்பா சொன்னது சரியென்றால் சூடு எங்கேயோ ஒளிந்திருக்க வேண்டும். தேடிக்கொண்டு மேலே போனேன். குளிக்கும் அறையும் கக்கூசும் சேர்ந்த சின்ன அறைக்குள் நுழைந்தால் சூடு முகத்தில் அடித்தது. அங்கே காற்று வென்டிலிருந்து சீறிக்கொண்டு வந்தது. வரவேற்பறையில் போய்க் கைவைத்துப் பார்க்கலாமென்றால் வென்டின் மேல் சுளகு நிறைய மல்லி. அம்மா அப்பாவின் அறையில் மிளகு. என் அறையில் பேப்பர் விரித்துச் சீரகம். நடையில் ஒரு பெரிய தட்டில் மஞ்சளும் சுக்கு என்கிற வேர்க்கொம்பும்.

இந்த மல்லி, மிளகு, மஞ்சள் எல்லாவற்றையும் சேர்த்துச் சரக்கு என்போம்; பிள்ளை பெற்றவளுக்கு அதை அரைத்துக் கறி வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். சரக்கைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்துத்தான் இடிப்பார்கள். மாசி மாதத்து மொன்றியல் வெயில் பார்வைக்கு மட்டும்தான். அம்மா சுற்றிப் பார்த்தார், தரையிலிருந்து சும்மா சூட்டுக்காற்று வந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுச் சாமானைக் கக்கூசுக்குள் வைக்க யாருக்கு மனம் வரும்? ஆகவே அது ஒன்றுதான் தப்பியது.

நாலையும் தூக்கிக் கட்டில்களில் வைத்துவிட்டு, ஃபர்னஸ் பற்றியதிலிருந்து நேரம் பார்த்தேன். ஐந்து நிமிடம். எட்டு. பன்னிரண்டாவது நிமிடத்தில் பொறுக்க முடியாமல் நிலவறைக்கு ஓடினேன்.

"அப்பா, அம்மாதான் எல்லா வென்டையும் மூடி வச்சிருக்கிறா. சூடு வெளியால போக வழியில்லாமல் ஃபர்னஸுக்குள்ளயே நிக்குது."

அப்பா என்னைப் பார்த்தார், எரிந்துகொண்டிருந்த ஃபர்னஸைப் பார்த்தார். பிறகு மேலே ஏறி ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்துவிட்டுக் குசினிக்குப் போனார். அம்மா உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். உள்ளி உரித்தால் கண் கலங்குமா என்று நான் யோசித்தேன்.

"என்னவாம்?" என்றார் அம்மா, நிமிராமல்.

"பில்டர்தான். ஊத்தையில அடைச்சுக் கிடந்தது. மாத்திட்டன், இனிப் பயமில்லை." பிறகு ஏதோ இப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல, "இஞ்சேரும், உந்தச் சரக்கை வென்டில வைக்காதையும். புழுதி வரும். பிள்ளை பெத்தவ சாப்பிடுறதெல்லே. மேசையில பரவும், நான் ஃபானைப் போட்டுவிடுறன்."

"ஓம், அதை நான் யோசிக்கேல்லை" என்று அம்மா உடனே எழும்பினார்.

"பில்டர் இல்லை, நான்தான் கண்டுபிடிச்சனான்" என்று நான் தொடங்கினேன். அப்பா என் தோளைப் பிடித்துத் திருப்பி, "நீ போய் ஹோம்வேர்க்கைச் செய்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு அநியாயத்தை அதுவரை நான் கண்டதில்லை.

வெள்ளிக்கிழமை வீடு கதகதவென்றிருந்தது. சித்தி வந்தார், பிள்ளையும் வந்தது. என்ன பிழையாம் என்று சித்தப்பா கேட்டதற்கும் அப்பா கண் இமைக்காமல் பில்டர் என்றார். அந்தக் கோபத்தில் நான் அன்று முழுக்கப் பிள்ளையைப் பார்க்கவேயில்லை.

பல வருடம் கழித்துச் சித்தியிடம் இந்த வழக்கைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். சித்தி சிரிக்கவில்லை. நான் பிறந்தபோது அம்மாவுக்கு இந்த நகரத்தில் அப்பாவைத் தவிர ஒருவரும் இல்லை என்றார். அப்பா ஊருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுக் கேட்டு, கோப்பி அரைக்கும் மெஷினில் தானே சரக்கு அரைத்தாராம். கழுவ வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கறி முழுக்கப் பல்லில் மண் கடிபட்டதாம். அம்மா முப்பத்தொரு நாளும் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று சொல்லிச் சாப்பிட்டாராம்.

"கடைசி நாள்தான் உன்ர அப்பா வாயில வச்சுப் பார்த்தவராம்" என்றார் சித்தி.

இதெல்லாம் அன்று எனக்கு எங்கே தெரியும்? எனக்குத் தெரிந்தது, அப்பா பொய் சொல்லிவிட்டார் என்பது மட்டும்தான்.