மாமன் சீரில் வைத்த கோல்ஃப் மட்டை

அந்த ஆவணி மாதம் முழுக்க வெள்ளத்துரை யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சங்கரன்கோவில் ரயில் நிலையம் போகிற வழியில் இருந்த அவருடைய டீக்கடையில் கிளாஸ்கள் 'ணங் ணங்'கென்று வைக்கப்பட்டன. இத்தனைக்கும் காரணம் ஒரு போன்.

தங்கை பேச்சியின் மகள் இசக்கிசெல்விக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கோமதிசங்கர் சென்னையில் ஒரு கம்பெனியில் மேனேஜர். அவருடைய அப்பாதான் போன் செய்தார்.

"பையன் ஆபீஸ்ல பெரிய ஆளுகளோட கோல்ஃப் ஆடப் போறான் வே. நீரு அந்த லைன்ல இருந்தவராம்லா? மாமன் சீர்ல ஒரு செட்டு வச்சிரும்."

பின்னாலேயே வாட்ஸ்அப்பில் மட்டைகளின் படம் வந்தது. விலை இரண்டு லட்சத்துச் சொச்சம்.

மாமன் சீர் என்பது தாய்மாமன் பெண்ணுக்குச் செய்வது. சேலை, நகை, பழத்தட்டு. அதில் மாப்பிள்ளைக்குப் பங்கு கேட்டு இதுவரை எவனும் வந்ததில்லை. இந்த மனுஷன் கொஞ்சம்கூடக் கூசாமல், அதுவும் சிரித்துக்கொண்டே கேட்கிறார்!

வெள்ளத்துரை பெங்களூரில் கோல்ஃப் மைதானத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். ஆடுகிறவர்களின் பையைத் தோளில் சுமந்துகொண்டு கூடவே நடந்து, எந்தத் தூரத்துக்கு எந்த மட்டை என்று எடுத்துக் கொடுக்கிற வேலை. அயன் என்று சொல்லும் இரும்புத்தலை மட்டைகளைப் பற்றி அவரிடம் யாரும் கதை விட முடியாது. படத்தில் இருந்தவை மெல்லிய தலை உள்ளவை. வருஷக்கணக்கில் ஆடிக் கை பழகினவர்களுக்கானவை. புதிதாகப் பிடிக்கிறவன் அதை வைத்து அடித்தால் பந்து போகாது, மணிக்கட்டுதான் வீங்கும். அகலத் தலை மட்டை அப்படியில்லை. கொஞ்சம் தப்பாகப் பட்டாலும் பந்து ஓரளவு நேராகப் போகும். விலையும் குறைவு.

"முடியாதுன்னு சொல்லிருவமா?" என்று பேச்சியிடம் கேட்டார்.

"ஏண்ணே, எம்மவ கல்யாணத்தக் கெடுத்துராத," என்று அவள் அழுதாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு பெங்களூருக்கு ரயில் ஏறினார். தெரிந்த கடையில் போன வருஷத்து அகலத் தலை செட்டு முப்பத்திரண்டாயிரத்துக்குக் கிடைத்தது. மாப்பிள்ளையின் அப்பாவை ஜெயித்துவிட்டது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊர் திரும்பினார்.

கல்யாணத்தன்று சீர்த்தட்டுகளோடு மேளம் முழங்க மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். மட்டைப் பையை வெள்ளத்துரையே சுமந்து வந்தார். மாப்பிள்ளையின் அப்பா சபையில் வைத்தே ஜிப்பைத் திறந்து, ஒரு மட்டையை உருவி, போனில் இருந்த படத்தோடு ஒத்துப் பார்த்தார்.

"இதுவா வே நான் அனுப்புனது? மலிவு சாமானத் தூக்கிட்டு வந்திருக்கீரே!"

"ஒம்ம மவன் இன்னும் ஒரு பந்து அடிச்சதில்ல. அவன் கைக்கு இதுதான் சரி. நீரு கேட்டதத் தூக்கி அடிச்சான்னா மறுநாளு சோத்த எடுத்து வாயில வைக்க முடியாது, தெரியுமா?"

மேளம் நின்றுவிட்டது. பேச்சி ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்தாள். மாப்பிள்ளை தன் அப்பாவின் காதோரம் குனிந்து, "விடுங்கப்பா, இது போதும்," என்றான். போதுமாம்! வெள்ளத்துரைக்கு அவனைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

சீர்ச்சேலையை எடுத்துக்கொண்டு மணப்பெண் அறைக்குப் போனார். மாமன் விட்டுக்கொடுக்கவில்லை என்று மருமகள் பெருமைப்படுவாள் என்றுதான் நினைத்தார்.

இசக்கிசெல்வி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "கொறஞ்ச விலைக்கு வாங்கி வச்சிட்டு இம்புட்டுச் சண்டை போடுதிய. வாங்கவே மாட்டேன்னு அன்னைக்கே சண்டை போட்டிருக்கலாம்லா மாமா?"

"ஒங்கம்மால்லா அழுதா."

"எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலியே."

அதுவரை மாப்பிள்ளை வீட்டார் மேலிருந்த கோபமெல்லாம் திரும்பி அவர் மேலேயே வந்து விழுந்தது. அவள் சேலையை வாங்கிக்கொண்டு உடுத்தப் போனாள். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம்தான் இருந்தது.