ரேமைக் கையில் கொடுத்தவர்

தி.நகரில் நான் பில் போடும் ஜவுளிக்கடையில், ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்கு நடுவே கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் இருட்டாகவே இருந்தது. வேறு யாரும் கிடைக்காததால் முதலாளி பழைய மெக்கானிக்கையே அழைத்தார். போன வருடம் "ரேமைத் திருடிட்டான்" என்று எங்கள் முன்னால் அவருடைய பையைக் கொட்டிப் பார்த்துத் துரத்தியவர் இதே முதலாளிதான். பையில் எதுவும் இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

மெக்கானிக் ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பென்சில் ரப்பர் இருக்கும். கம்ப்யூட்டரைத் திறந்து, அது இல்லாமல் திரையே வராத விரல் நீள அட்டையான ரேமைக் கழற்றி, அதன் விளிம்பை ரப்பரால் நிதானமாகத் தேய்த்து, மறுபடி பொருத்தினார். திரை பளிச்சென்று வந்தது. முதலாளி சிரித்தார். மெக்கானிக் உடனே கம்ப்யூட்டரை அணைத்து, ரேமைக் கழற்றி, முதலாளியின் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தா கீது அண்ணாச்சி, உன் பொருளு. எல்லாரும் பாத்துக்கோங்க, நான் எடுத்துக்கினு போவல."

பையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். பில் போட வந்தவர்கள் சேலைகளை வைத்துவிட்டு நகரத் தொடங்கினார்கள்.

"இத மாட்டத் தெரியுமாம்மா ஒனக்கு?" முதலாளி ரேமை என்னிடம் நீட்டினார்.

மெக்கானிக் பொருத்தியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். ஓர் அழுத்து அழுத்தினால் போதும்.

"தெரியாது அண்ணாச்சி" என்றேன், மனம் குளிர.